சிவப்புப் பட்டியும் முகம் பார்க்கும் கண்ணாடியும்

அக்கா படம் எடுக்கும் கலியாணங்களில் நல்ல நேரம் தப்பினாலும் தப்பும், குடும்பப் படத்தில் ஓர் ஆள் தப்ப முடியாது. மணவறைக்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிறுத்துவார். கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவார். பிறகு இறக்கிவிட்டு, "ஆள் குறையுது" என்பார். யார் குறைகிறார்கள் என்று பெண் வீட்டுக்கும் தெரியாது, மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். காலையில் பலகாரத் தட்டோடு நின்ற பச்சைச் சேலைச் சித்தியைக் காணவில்லை. உடனே ஒருவர் சமையல் பக்கம் ஓடுவார், ஒருவர் கார் நிற்பாட்டிய இடத்துக்கு ஓடுவார். சித்தி வாயில் வடையோடு வந்து சேர்ந்த பிறகுதான் படம்.

நான் வீடியோ எடுப்பவன். கூடப் பிறந்தவன் இல்லை, எல்லாரும் போல நானும் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். கிழமை நாட்களில் ஜேர்மனியின் எசன் நகரத்துக்குள் பார்சல் வான் ஓடுவேன், சனி ஞாயிறில் அக்காவோடு கலியாணம், பெண் பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று அலைவேன். எனக்குப் பசி நேரத்துக்கு வந்துவிடும். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்.

"அக்கா, ஒரு ஆள் குறைஞ்சா என்ன? பிறகு கொம்பியூட்டரில ஒட்டிவிடலாம்தானே."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பசி கொஞ்சம் அடங்கியது.

"ஆளைச் சேர்க்கவும் மாட்டன், எடுக்கவும் மாட்டன். நிண்டவை நிண்டவைதான்."

இந்த ஒரு பிடிவாதத்தால் எங்களுக்குப் போன வேலைகள் கொஞ்சமில்லை. இங்கே எங்கள் சனத்துக்கு ஒட்டுப் படம் இல்லாத அல்பம் அல்பமே இல்லை. விசா கிடைக்காத அம்மா, கனடாவில் நிற்கும் அண்ணன், செத்துப்போன பெரியப்பா எல்லாரும் மணவறைக்குப் பக்கத்தில் வந்து சிரிக்க வேண்டும். அக்காவிடம் கேட்டால் "ஏலாது" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். பீலெஃபெல்டிலிருந்து ஒருவர் மகளின் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகள் விவாகரத்து எடுத்துவிட்டாள், மருமகனைப் படங்களிலிருந்து அழித்துத் தரவேண்டும் என்றார்.

"அவர் அண்டைக்கு நிண்டவரோ?" என்று கேட்டார் அக்கா.

"நிண்டவர்தான். ஆனா இப்ப..."

"அப்ப நிக்கட்டும்."

மனிதர் கோபத்தோடு அல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். வேறு யாரோ செய்து கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். மருமகன் நின்ற இடத்தில் இப்போது ஒரு பூச்சாடி நிற்கிறதாம். பூச்சாடியின் தோளில் மகளின் கை இருக்கிறதாம்.

அக்காவைப் பார்த்தால் கலியாணத்துக்கு வந்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, தலைமயிரை ஒரு ரப்பர் வளையத்துக்குள் இழுத்துக் கட்டியிருப்பார். லென்ஸ் வைக்கும் பைக்குள் லென்ஸ் ஒன்றுதான் இருக்கும், மிச்ச இடமெல்லாம் ஊசி, சீப்பு, ஒட்டுப் பொட்டு. ஏறி நிற்க ஒரு பிளாஸ்ரிக் முக்காலி. யாராவது தொலைபேசியை நீட்டி, "அக்கா, உங்களையும் ஒண்டு எடுப்பம்" என்றால் உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் விரித்துவிடுவார். "நான் எடுக்கிற ஆள், நிக்கிற ஆள் இல்லை" என்பார். எங்கள் சனத்தின் எத்தனையோ அல்பங்களில் தேடினாலும் அக்கா இல்லை. மிஞ்சிப்போனால் ஒரு விரிந்த கை இருக்கும்.

அந்தப் பிடிவாதத்தின் வேரை ஒருநாள் எனக்குக் காட்டினார். நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையாமல் நின்ற ஒரு பின்னேரம், ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றியபடி, "என்ர கலியாணப் படத்தைப் பாத்தனியே?" என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். அவர் வீட்டு நடையில், சப்பாத்துத் தட்டுக்கு மேலே தொங்குகிறது. அக்கா, கணவர், இரண்டு பக்கமும் அப்பா அம்மா. நல்ல படம் என்றேன்.

"நல்ல படம்தான். அப்பாவும் அம்மாவும் வரேல்லை. அடையாள அட்டைப் படத்தில இருந்து தலையை வெட்டி, ஆரோ ஒரு கோட்டுக்காரன்ர உடம்பில வைச்சவங்கள். அப்பாவுக்கு மில்லில ஒரு விரல் போனது. உந்தப் படத்தில பத்து விரலும் இருக்கு." தேநீரை ஒரு மிடறு குடித்தார். "பாக்கிற ஒவ்வொரு முறையும் அந்த விரலைத்தான் பாக்கிறன். அப்பாவைப் பாக்கேலாமல் கிடக்கு."

அதற்குப் பிறகு நான் ஒட்டுவதைப் பற்றிப் பேசவில்லை. பசித்தால் வாகனத்துக்குள் ரொட்டி வைத்துக்கொண்டேன்.

கிழமை நாட்களில் அக்காவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. அங்கே தாதி வேலை பார்த்த ஒரு பெண் அக்காவின் பருப்புச் சூப்புக்கு அடிமை. பாக்கு நகரத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே தாய் தகப்பனோடு ஜேர்மனிக்கு வந்த அஸர்பைஜான் பெண். அவளுக்குக் கலியாணம் சரி வந்தது. மாப்பிள்ளை டூயிஸ்பேர்க்கில் பிறந்த துருக்கிக்காரர். அந்தக் கலியாணத்துக்குப் படம் எடுக்க அக்காதான் வரவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"எங்களுக்கு அவையின்ர முறை ஒண்டும் தெரியாதே அக்கா" என்றேன்.

"கேட்டாச் சொல்லுவினம். வாயில்லையே உனக்கு?"

கேட்டோம். சொன்னார்கள், ஆனால் இரண்டு வீடும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். மருதாணி இரவு இரண்டு பக்கத்துக்கும் உண்டு. மேளமும் குழலும் ஊதிக்கொண்டு மாப்பிள்ளை வீடு வந்து பெண்ணை அழைத்துப் போவது துருக்கி முறை. பெண் பிறந்த வீட்டை விட்டு வெளிக்கிடும்போது சோடித்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை முன்னால் பிடித்துக்கொண்டு போவது அஸர்பைஜான் முறை. வெளிக்கிடுவதற்கு முன் பெண்ணின் இடுப்பில் ஒரு சிவப்புப் பட்டி கட்டவேண்டும். இது இரண்டு பேருக்கும் பொது. யார் கட்டுவது என்பதில்தான் இழுபறி. பெண்ணின் சகோதரன் கட்டவேண்டும் என்றது மாப்பிள்ளை வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் தம்பி கட்டுவதும் உண்டு என்றார் பெண்ணின் அப்பா. தாலியைத் தங்கக் கொடியில் கொழுவுவதா, மஞ்சள் கயிற்றில் கட்டுவதா என்று சண்டை பிடித்த சம்பந்திகளைப் பார்த்தவர்கள் நாங்கள். இது எங்களுக்குப் புதிதாகத் தெரியவில்லை.

பெண் மட்டும் சொன்னாள், "என்ர அண்ணாதான் கட்டவேணும்." அவள் பேசியது டொச், ஜேர்மன் மொழி. ஆனால் அந்த வீட்டில் அன்று பேசிய எல்லாமே எனக்கு எங்கள் தமிழில்தான் நினைவில் நிற்கிறது.

அந்த அண்ணாதான் சிக்கல். அப்பாவுக்குக் கார் திருத்தும் கடை. மகன் கடையைப் பார்ப்பான் என்று இருந்தார். மகன் ஒருநாள் சாவியை மேசையில் வைத்துவிட்டு, பெர்லினுக்குப் போய் ஓர் உணவகத்தில் சமையல்காரனாகிவிட்டான். இனி என் வாசல்படி மிதிக்காதே என்றார் அப்பா. அவனும் மிதிக்கவில்லை. தங்கையின் கலியாணத்துக்காக விடியற்காலையில் பெர்லினிலிருந்து கார் ஓடி வந்திருந்தான். வந்தவன் மேலே ஏறவில்லை. வீட்டுக்கு முன்னால் காரை நிற்பாட்டி, உள்ளேயே இருந்தான். அப்பா கூப்பிட்டால் வருவானாம். மேலே அப்பா, அவன் வந்தால் வரட்டும், நான் கூப்பிடமாட்டேன் என்று யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மூன்றாம் மாடி வீடு. சின்ன அறைக்குள் பெண், வெள்ளை உடுப்பு பரந்து கட்டில் வரை கிடக்கிறது. மாப்பிள்ளையின் தங்கை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கதவோடு நிற்கிறாள். கீழே துருக்கி மேளம் இடிக்கிறது, காருக்குக் கார் ஹோன் அடிக்கிறார்கள், எதிர்வீட்டுக் கிழவர் யன்னலைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்துகிறார். பதிவு அலுவலகத்தில் கொடுத்த நேரம் நெருங்குகிறது. பெண்ணின் அம்மா சிவப்புப் பட்டியைக் கையில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார், திரும்பச் சுற்றுகிறார்.

கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். மாப்பிள்ளையின் தம்பியைக் கூப்பிட்டு அறைக்கு நடுவில் நிறுத்தினார். அக்காவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இவர் கட்டட்டும். நீங்கள் முதுகுப் பக்கமா எடுங்கோ. பிறகு என்ர மகன்ர தலையை வைச்சுவிடுங்கோ. பாக்குவில எங்கட சனம் படத்தைப் பாக்கும். அவன் நிக்கேல்லை எண்டு அவைக்குத் தெரியக் கூடாது."

நான் கீழே பார்த்தேன். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

"அது எனக்கு ஏலாது" என்றார் அக்கா.

பெண் அழத் தொடங்கினாள். சத்தமில்லாத அழுகை, கண்மை கரைந்து கன்னத்துக்கு வந்தது. அக்கா பையிலிருந்து ஒரு கடதாசித் துவாயை எடுத்து அவள் கையில் வைத்தார். அம்மாவைப் பார்த்து, "பட்டியைக் கவனமா வைச்சிருங்கோ, வாறன்" என்றார். கமராவோடு படியிறங்கினார். நானும் மேளத்தை வீடியோ எடுக்கும் சாட்டில் பின்னால் போனேன்.

காரின் கண்ணாடியை அக்கா விரலால் தட்டிய தட்டு, சமையலறையில் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு மறந்த ஆளைக் கூப்பிடும் தட்டு. கண்ணாடி இறங்கியது. நல்ல கோட்டு, சவரம் செய்த முகம், சிவந்த கண். கலியாணத்துக்கு என்றுதான் உடுத்து வந்திருக்கிறான்.

"தம்பி, நீர் படத்துக்குள்ளையோ, வெளியிலையோ?"

அவனுக்கு விளங்கவில்லை. யார் இந்தக் கறுப்புச் சட்டைப் பெண் என்று பார்த்தான்.

"நான் படக்காரி. உம்மட அப்பா உம்மை ஒட்டச் சொல்லுறார். நான் ஒட்டமாட்டன். அதுதான் கேக்கிறன்."

"அப்பா கூப்பிடேல்லையே" என்றான்.

"கூப்பிட்டவரோ இல்லையோ எண்டது படத்தில தெரியாது. நிண்டனீரோ இல்லையோ எண்டதுதான் தெரியும்."

மேளக்காரன் எங்கள் பக்கம் வரப் பார்த்தான், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அக்கா தன் இடது கையைக் கார் யன்னலுக்குள் நீட்டி, ஒரு விரலை மடித்துக் காட்டினார்.

"என்ர அப்பாவை ஒட்டினவங்கள். விரல் போன மனுசனுக்குப் பத்து விரலும் வைச்சு. உமக்கும் அப்பிடி ஏதும் வைப்பாங்கள்."

என்ன விளங்கியதோ, அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதான் என்றுதான் சொல்லவேண்டும். பிறகு கார்க் கதவைத் திறந்தான். அக்கா அவன் கோட்டுக் கழுத்தை இழுத்துச் சரிசெய்து, முன்னால் போகவிட்டார்.

மேலே கதவடியில் அப்பா நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அப்பா வழிவிட்டு ஒதுங்கிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளையின் தம்பி, தப்பினேன் பிழைத்தேன் என்று மூலைக்குப் போனான். அம்மா பட்டியை நீட்டினார். அவன் அதைத் தங்கையின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, கட்டாமல் எடுத்தான். இன்னொரு முறை சுற்றி எடுத்தான். மூன்றாம் முறை முடிச்சுப் போட்டான். அதுதான் முறையாம். முடிச்சு சரியாக விழாமல் அவிழ்ந்து, அவன் திரும்பப் போட்டதை என் வீடியோவில் இன்றைக்கும் பார்க்கலாம்.

அக்கா அலுமாரியோடு ஒட்டி நின்று எடுத்துக்கொண்டிருந்தார். கமராவைக் கண்ணில் வைக்காமல் நெஞ்சுக்கு நேரே பிடித்து, பின்னாலுள்ள திரையைக் குனிந்து பார்த்தார். அக்கா அப்படி எடுத்து நான் கண்டதே இல்லை. பிறகு கேட்டேன்.

"கண்ணில தண்ணி நிண்டா கமரா ஓட்டைக்குள்ளால என்னத்தைத் தெரியும்?" என்று எரிந்து விழுந்தார்.

அப்பாவும் மகனும் அன்று கட்டிப்பிடித்து அழவில்லை. வெளிக்கிடும்போது அப்பா பெண் போகும் காரின் சாவியை மகனிடம் நீட்டினார், மகன் வாங்கினான், அவ்வளவுதான். இரவு மண்டபத்தில் துருக்கிப் பக்கம் சின்ன விரல்களைக் கோத்து வரிசையாக ஆடியது, அஸர்பைஜான் பக்கம் கைகளைச் சிறகு போல விரித்து ஆடியது, பிறகு யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எல்லாரும் ஆடினார்கள். குடும்பப் படத்துக்கு நிறுத்தியபோது அக்கா ஒருதரம் எண்ணிப் பார்த்தார். ஆள் குறையவில்லை. என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் நேரத்துக்குச் சாப்பிட்டேன்.

சில கிழமைகள் கழித்து, படம் தெரிவு செய்யப் பெண் அக்காவின் வீட்டுக்கு வந்தாள். கணினித் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். அண்ணன் பட்டி கட்டும் படம். ஓரத்தில் மாப்பிள்ளையின் தங்கை பிடித்திருந்த கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் அப்பா. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றதாக நாங்கள் எல்லாரும் நினைத்த மனிதர், தலையை மட்டும் திருப்பி மகனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாய் கோணிப்போயிருக்கிறது. அவருக்குப் பின்னால், அதே கண்ணாடிக்குள், கமராவை நெஞ்சோடு பிடித்தபடி அக்கா. முழு முகமும் விழுந்திருக்கிறது, கண்ணில் நின்ற தண்ணீர் வரைக்கும்.

"இதுதான் எனக்கு வேணும். பெரிசா" என்றாள் பெண்.

அக்கா என் பக்கம் சரிந்து தமிழில் கேட்டார்.

"தம்பி, உதுக்குள்ள நிக்கிற என்னை எடுக்கேலுமே?"

இப்படி ஒரு நாள் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"ஆளைச் சேர்க்கவும் மாட்டம், எடுக்கவும் மாட்டம். நிண்டவை நிண்டவைதான்."

அக்கா என் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார். என்ன சிரிப்பு என்று பெண் கேட்டாள். நான் டொச்சில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நீங்கள் கீழ இறங்கிப் போகாட்டி இதில ஒருத்தருமே இல்லை" என்றாள். அக்கா எழுந்து தேநீர் போடப் போய்விட்டார். அந்தப் படம் அவர்கள் வீட்டுக்குப் பெரிதாகப் போனது. அச்சுக்கடையில் தவறுதலாக இரண்டாக அடித்துவிட்டார்கள், மற்றதை அக்கா அலுமாரிக்குப் பின்னால் செருகி வைத்தார்.

அக்காவுக்கு நோய் வந்தது திடீரென்றுதான், அவர் போனதும் திடீரென்றுதான். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம். எனக்கு இப்போதும் சனிக்கிழமை காலையில் வாகனத்தை எடுத்தால் கை தானாக அவர் வீட்டுப் பக்கம் திருப்பும்.

மரண அறிவித்தலுக்கு ஒரு படம் வேண்டும் என்றபோதுதான் அக்காவின் மகள் திகைத்துப்போனாள். வீடு முழுக்க மற்றவர்களின் படங்கள். அம்மா நின்றது நடையில் தொங்கிய அந்த ஒட்டுப் படத்தில் மட்டும்தான், அதை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதைவிட்டால் அடையாள அட்டைப் படம் ஒன்று இருந்தது, அதில் அக்கா பொலிஸ்காரனைக் கண்ட ஆள் மாதிரி இருந்தார். அறிவித்தலுக்கு அதைத்தான் போட்டோம். வீட்டில் வைக்க என்ன செய்வது என்று தேடியபோது, அலுமாரிக்குப் பின்னால் இருந்ததை நான் இழுத்து எடுத்தேன்.

அச்சுக்கடைத் தம்பி ஆர்வமாகச் சொன்னார். "அண்ணை, நல்ல முகம். கண்ணாடிக்குள்ள இருக்கிற அக்காவை மட்டும் வெட்டி எடுத்து, பின்னுக்கு நீல வானம் வைப்பம். கறுப்புச் சட்டை வேண்டாம், ஒரு பட்டுச்சேலை போட்டுவிடுறன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"ஒருத்தரையும் வெட்ட வேண்டாம்" என்றாள்.

அப்படியே சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினோம். முப்பத்தோராம் நாள் கிரியையன்று அக்காவின் மச்சாள் பிராங்பேர்ட்டிலிருந்து பெரிய மாலையோடு வந்தார். கதிரையில் ஏறி, மாலையைத் தூக்கி, படத்துக்குக் கிட்டக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்ன பிள்ளை, உயிரோட இருக்கிற சனமெல்லோ நிக்குது. மாலை போடக் கூடாது. அதுகளுக்குக் கூடாதெல்லோ."

கதிரையிலிருந்து மாலையோடு இறங்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையில் வைத்தார். ஒரு விளக்கை மட்டும் படத்துக்குக் கீழே கொளுத்தினோம்.

மத்தியானம் அந்தப் பெண் வந்தாள், அண்ணனோடும் அப்பாவோடும். சிவப்பு நாடா கட்டிய தட்டில் இனிப்பு கொண்டுவந்திருந்தார்கள். முன்னறைச் சுவரில் தங்களைக் கண்டு மூவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பூவை ஏன் மேசையில் வைத்திருக்கிறீர்கள் என்று அப்பா கேட்டார். நான் சொன்னேன்: எங்கள் வழக்கத்தில் படத்துக்கு மாலை போட்டால் அந்த ஆள் இறந்துவிட்டார் என்று அர்த்தம், அந்தப் படத்தில் நீங்கள் எல்லாரும் இருக்கிறீர்கள், அதனால் போட முடியவில்லை. அவர் படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு மகனின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கதிரையில் இருந்தார்.

அந்த மாலை மேசையிலேயே வாடியது. படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள், யார் இந்தச் சனம், இதில் அம்மா எங்கே என்று கேட்பார்கள். மகள் படத்துக்குள் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டுக் காட்டுவாள். பெண்ணும் அண்ணனும் அப்பாவும் கண்ணாடி பிடித்த மாப்பிள்ளையின் தங்கையும் நல்ல சுகமாக இருக்கிறார்கள். அதனால் அக்காவுக்கு இன்னும் மாலை போடவில்லை.